ஒரு வீரரின் குணத்தைப் பார்வையாளர் எதைக் கொண்டு அறிவது?

எல்லைக்கோடு எழுதியது:

விளையாட்டைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் தானாக ஒட்டிக்கொள்கிறது. ஆட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கி, சற்று நேரத்துக்குள் ஆடியவரின் குணத்தைப் பற்றித் தீர்ப்பு வழங்க ஆரம்பித்துவிடுகிறோம். ஒருவரைத் தங்கமானவர் என்கிறோம், இன்னொருவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்கிறோம். இத்தனைக்கும் அவர்களில் எவரோடும் நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நமக்குக் கிடைப்பதெல்லாம் களத்தில் அவர்கள் நடந்துகொள்ளும் விதமும், விளம்பரப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து அவர்கள் சொல்லும் நான்கு வாக்கியங்களும்தான். பேட்டியில் தெரியும் பணிவு, தோற்றபின் கைகுலுக்கும் நிதானம் ஆகியவற்றில் பெரும்பகுதி இப்போது பயிற்சியால் வருவது. அதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆலோசகர்கள் அணிகளில் இருக்கிறார்கள். எனவே அவற்றை நான் சான்றாகக் கொள்வதில்லை.

நான் சான்றாகக் கொள்வது ஒன்றைத்தான். விதி தடுக்காத, நடுவர் தண்டிக்காத ஓர் ஆதாயம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, ஒருவர் அதைத் தாமாக விட்டுவிட்டு, அதனால் வரும் இழப்பைத் தாமே ஏற்றுக்கொண்டாரா என்று பார்க்கிறேன். 2012 டிசம்பரில் ஸ்பெயினின் புர்லாடாவில் நடந்த கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில், அந்த ஆண்டின் லண்டன் ஒலிம்பிக்கில் 3,000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸ் என்ற தடைதாண்டும் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற கென்யாவின் ஏபெல் முத்தாய் முன்னணியில் வந்து, பந்தயம் முடிந்துவிட்டதென்று எண்ணி எல்லைக்குச் சில மீட்டர் முன்பே நின்றுவிட்டார். பின்னால் வந்த இவான் ஃபெர்னாண்டஸ் அனாயா அவரைத் தாண்டிச் சென்றிருந்தால் எந்த விதியும் மீறப்பட்டிருக்காது. அவர் தாண்டவில்லை. மொழி புரியாத முத்தாய்க்குக் கையைக் காட்டி எல்லையைச் சுட்டி, தாம் இரண்டாமவராகவே பின்னால் வந்து முடித்தார். இதைவிட எனக்குப் பிடித்தது பிற்பாடு நடந்தது. அவருடைய பயிற்சியாளரும் முன்னாள் உலக மாரத்தான் சாம்பியனுமான மார்ட்டின் ஃபிஸ், தாமாக இருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஃபெர்னாண்டஸ் அனாயாவும் தம்மைப் புனிதராகக் காட்டிக்கொள்ளவில்லை. உலக அளவிலோ ஐரோப்பிய அளவிலோ ஒரு பதக்கம் பணயமாக இருந்திருந்தால் தாமும் வேறு மாதிரி நடந்திருக்கக்கூடும் என்ற பொருளில் பேட்டி கொடுத்தார். அந்த ஒப்புதலுக்குப் பிறகு அவர் மீது என் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

கிரிக்கெட்டிலிருந்து ஒன்று சொல்ல வேண்டுமென்றால் 2003 உலகக் கோப்பை அரையிறுதி. அரவிந்த டி சில்வாவின் பந்தில் நடுவர் ரூடி கோர்ட்சன் அவுட் கொடுக்காத நிலையில், பந்து மட்டையில் பட்டதை அறிந்த ஆடம் கில்கிறிஸ்ட் தாமாக வெளியேறினார். ஆஸ்திரேலிய அணியில் அந்தப் பழக்கம் பாராட்டப்பட்டதில்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த அளவுகோல் சரியா, போதுமா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.

நான்காம் இன்னிங்ஸ் எழுதியது:

எல்லைக்கோடு அவர்களுக்கு வணக்கம். உங்கள் அளவுகோலை உடைக்கக்கூடிய ஓர் ஆட்டத்தை நான் நேரலையில் பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

2000 ஜனவரியில் செஞ்சுரியனில் தென்னாப்பிரிக்காவும் இங்கிலாந்தும் ஆடிய டெஸ்ட் அது. முதல் நாளுக்குப் பிறகு மூன்று நாட்கள் மழையில் போயின. தொடர் ஏற்கெனவே தென்னாப்பிரிக்காவின் கையில் இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் தென்னாப்பிரிக்கத் தலைவர் ஹன்சி குரோனியே, இரு அணிகளும் ஆளுக்கொரு இன்னிங்ஸை விட்டுக்கொடுத்து ஆட்டத்தை உயிர்ப்பிக்கலாம் என்று இங்கிலாந்துத் தலைவர் நாசர் ஹுசைனிடம் முன்மொழிந்தார். டெஸ்ட் வரலாற்றில் அப்படி அதுவரை நடந்ததில்லை. இங்கிலாந்து இரண்டு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது; நீண்ட நாள் தோல்வியே காணாதிருந்த தென்னாப்பிரிக்கா தோற்றது. வர்ணனையாளர்கள் நெகிழ்ந்தார்கள், நானும் நெகிழ்ந்தேன். பார்வையாளர்களை மதித்து, வெற்றியைப் பணயம் வைத்து ஆடும் தலைவர் என்று பேசினோம். குரோனியேயின் மதப்பற்றும் ஒழுக்கமும் ஏற்கெனவே ஊரறிந்தவை என்பதால் அந்தச் செயல் அவருடைய இயல்போடு பொருந்துவதாகவே தோன்றியது.

சில மாதங்களில் சூதாட்ட விவகாரம் வெடித்து, அதை விசாரித்த கிங் ஆணையத்தின் முன் அவர் வாக்குமூலம் கொடுத்தபோது, அந்தச் செஞ்சுரியன் ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு சூதாட்டக்காரர் கொடுத்த பணமும் ஒரு தோல் மேல்சட்டையும் இருந்தது தெரியவந்தது. டிரா ஆனால் அந்த ஆளுக்கு நட்டம், முடிவு கிடைத்தால் போதும் என்ற கணக்கு.

ஆக, விதி தடுக்காத இடத்தில் ஆதாயத்தை விட்டுக்கொடுத்ததாக நாம் பார்த்த செயல் ஒன்று, உள்ளே விற்பனையாக இருந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கும் எவருக்கும் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. இனி எந்தப் பெருந்தன்மையை நம்புவது?

எல்லைக்கோடு எழுதியது:

நல்ல எதிர்வாதம், ஆனால் அது என் அளவுகோலைத் தொடவில்லை என்று நினைக்கிறேன். இழப்பைத் தாமே ஏற்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். செஞ்சுரியனில் குரோனியே விட்டுக்கொடுத்தது தொடர் முடிவைப் பாதிக்காத ஓர் ஆட்டத்தை. அதுவும் அவருடைய அணியினர் பதினொரு பேருக்கும் சேர்ந்து சொந்தமானதை. அவர் கையிலிருந்து சொந்தமாக எதுவும் போகவில்லை, உண்மையில் வரவுதான் இருந்தது. அப்போது அது நமக்குத் தெரியாது என்பதை ஏற்கிறேன். அதனால்தான் ஒரு செயலை அதே மாலையில் எடை போடாமல், சில ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது என் வழக்கம்.

வலையோரம் எழுதியது:

நீங்கள் இருவரும் குணம் என்பது ஒருவருக்குள் ஒரே நிறத்தில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். எனக்கு அந்த அடிப்படையிலேயே ஐயம் உண்டு.

2000 டிசம்பரில் எவர்ட்டன் மைதானத்தில் ஆட்டம் 1-1 என்று சமநிலையில் இருந்தபோது, வெஸ்ட் ஹாமின் பாவ்லோ டி கானியோவை நோக்கிப் பந்து உயர்ந்து வந்தது. எதிரணிக் கோல்காப்பாளர் அடிபட்டு விழுந்து கிடந்தார். டி கானியோ பந்தைத் தலையால் முட்டாமல் கைகளால் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினார். ஃபிஃபா அவருக்கு நேர்மை ஆட்ட விருது கொடுத்தது. இதே மனிதர்தான் 1998இல் நடுவரைத் தள்ளிவிட்டு 11 ஆட்டங்களுக்குத் தடை பெற்றவர். இதே மனிதர்தான் 2005இல் லாட்சியோவுக்கு ஆடும்போது ரசிகர்களைப் பார்த்து பாசிசப் பாணியில் கையை நீட்டி வணங்கி அபராதமும் தடையும் பெற்றவர். எவர்ட்டன் மைதானத்தில் நடந்தது நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பந்து வருவதற்கும் கைக்குள் போவதற்கும் இடையில் நடிக்க நேரம் கிடையாது. அதுவும் அவர்தான், மற்றதும் அவர்தான்.

கார் பந்தய வீரர் அயர்டன் சென்னாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் சுசுகாவின் முதல் வளைவில் அலென் புரோஸ்ட்டின் காரின் மீது வேண்டுமென்றே மோதி உலகப் பட்டத்தை உறுதி செய்தார். அடுத்த ஆண்டு அதை அவரே ஒப்புக்கொண்டார். வேகமாகச் செல்லும் இரண்டு கார்கள், இரண்டு உயிர்கள். ஈராண்டு கழித்து 1992இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் பயிற்சியின்போது எரிக் கோமாஸ் விபத்துக்குள்ளாகி நினைவிழந்து கிடக்க, அவருடைய காரின் இயந்திரம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சென்னா தம் காரை நிறுத்தி இறங்கி, மற்ற கார்கள் வந்துகொண்டிருந்த தடத்தின் குறுக்கே ஓடிப்போய் அந்த இயந்திரத்தை அணைத்தார். ஒருவர் உயிரைத் துச்சமாக எண்ணியவரும், ஒருவர் உயிருக்காகத் தம் உயிரைத் துச்சமாக எண்ணியவரும் ஒரே ஆள். இவருக்கு என்ன மதிப்பெண் போடுவீர்கள்?

டென்னிஸிலும் உண்டு. 2005 ரோம் போட்டியில் பெர்னாண்டோ வெர்டாஸ்கோவுக்கு எதிராக ஆண்டி ராடிக்கிடம் மூன்று மேட்ச் பாயின்ட்கள் இருந்தன. வெர்டாஸ்கோவின் இரண்டாம் சர்வ் வெளியே என்று அறிவிக்கப்பட்டு ஆட்டம் முடியவேண்டிய நேரத்தில், களிமண் தரையில் பதிந்திருந்த தடத்தைக் காட்டி, பந்து உள்ளேதான் விழுந்தது என்று ராடிக்கே சொன்னார். பிறகு அந்த ஆட்டத்தில் தோற்றார். அதே ராடிக் நடுவர்களிடம் பேசிய பேச்சுகளைக் கேட்டவர்கள் அவரைச் சாந்த சொரூபி என்று சொல்ல மாட்டார்கள்.

ஓடுதளம் எழுதியது:

வலையோரம் சொல்வதை முழுதாக ஏற்கிறேன், ஆனால் அதன் விளைவாகக் குணத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று முடிவு செய்துவிட்டால் சிலருக்கு அநீதி செய்தவர்களாவோம். நீண்ட காலம், வெவ்வேறு சூழ்நிலைகளில், ஒரே மாதிரி நடந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் என் மனத்தில் முதலில் நிற்பவர் எமில் ஜாட்டோபெக்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவர் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் அவர் மாரத்தான் ஓடியதே இல்லை என்பதும் தெரியும். அங்கே போவதற்கு முன் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சக ஓட்டக்காரரான ஸ்டானிஸ்லாவ் யுங்விர்ட்டின் தந்தை அரசியல் கைதியாக இருந்ததால், செக்கோஸ்லோவாக்கிய அதிகாரிகள் யுங்விர்ட்டை அணியிலிருந்து நீக்கினார்கள். அவர் இல்லாமல் தானும் போவதில்லை என்று ஜாட்டோபெக் விமானத்தில் ஏற மறுத்துவிட்டார். ஸ்டாலின் உயிரோடிருந்த காலம் அது, மறுத்தவர் ராணுவ அதிகாரி. மூன்று தங்கங்கள் மட்டுமல்லாமல் அவருடைய விடுதலையே பறிபோயிருக்கலாம். கடைசியில் அதிகாரிகள் இறங்கிவந்தார்கள், இருவரும் ஓடினார்கள்.

பிறகு ரான் கிளார்க். உலக சாதனைகளை அடுக்கடுக்காக முறியடித்த அந்த ஆஸ்திரேலியருக்கு ஒலிம்பிக் தங்கம் மட்டும் வாய்க்கவே இல்லை. 1960களில் பிராகுக்கு வந்திருந்த அவரை வழியனுப்பும்போது ஜாட்டோபெக் ஒரு சிறு பொட்டலத்தைக் கையில் திணித்தார். விமானத்தில் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது ஜாட்டோபெக்கின் 1952ஆம் ஆண்டு 10,000 மீட்டர் தங்கப் பதக்கம். 1968இல் சோவியத் படைகள் பிராகுக்குள் நுழைந்ததை எதிர்த்துப் பேசியதற்காக அவர் பதவியும் சலுகைகளும் இழந்து, பல ஆண்டுகள் கடினமான உடலுழைப்பு வேலைகளில் தள்ளப்பட்டார். எல்லைக்கோடு அவர்களின் கட்டளைக்கல்லில் எப்படி உரசினாலும் இவர் மாற்றுக் குறைய மாட்டார்.

இன்னொருவரும் அரசோடு மோதியவர்தான், ஆனால் கணக்கு இவ்வளவு எளிதாக இல்லை. வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்ததற்காக 1967இல் முகமது அலியின் உலகப் பட்டம் பறிக்கப்பட்டது. 1970 அக்டோபர் வரை, ஒரு குத்துச்சண்டை வீரரின் மிகச் சிறந்த ஆண்டுகளில் மூன்றரை ஆண்டுகள், அவர் வளையத்துக்குள் கால் வைக்கவில்லை. சிறைத்தண்டனை தலைக்குமேல் தொங்கியது. 1971இல்தான் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. இதைவிடப் பெரிய தனிப்பட்ட இழப்பை விளையாட்டில் காண்பது அரிது. அதே அலி, தம் தடைக்காலத்தில் தமக்காகப் பேசிப் பண உதவியும் செய்த ஜோ ஃபிரேசியரை, மீண்டும் வளையத்துக்கு வந்த பிறகு வெள்ளையரின் அடிவருடி என்றும் கொரில்லா என்றும் ஊரறியக் கேலி செய்தார். 1975 மணிலா ஆட்டத்துக்கு முன் ஒரு ரப்பர் கொரில்லாவை வைத்துக்கொண்டு பத்திரிகையாளர் முன் குத்திக் காட்டினார். ஃபிரேசியரின் பிள்ளைகள் பள்ளியில் இதைக் கேட்க வேண்டியிருந்தது. அலி 2001இல் வருத்தம் தெரிவித்தார். ஆனால் ஃபிரேசியருக்கு அந்தக் காயம் வாழ்நாள் முழுவதும் முழுமையாக ஆறவில்லை. அலியின் ரசிகனாகிய நான் இந்தப் பக்கத்தைப் பல ஆண்டுகள் படிக்காமல் புரட்டிவந்தேன். இப்போது அதையும் சேர்த்தே படிக்கிறேன், அவர் சிறியவராகத் தெரியவில்லை. ஃபிரேசியர் முன்பைவிடப் பெரியவராகத் தெரிகிறார்.

நான்காம் இன்னிங்ஸ் எழுதியது:

"இழப்பைத் தாமே ஏற்க வேண்டும்" என்ற விதியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அணி விளையாட்டில் அப்படியொன்று சாத்தியமா?

1987 உலகக் கோப்பையில் லாகூரில் நடந்த ஆட்டத்தின் கடைசிப் பந்து. பாகிஸ்தானுக்கு ஒரு விக்கெட்தான் மிச்சம், வெற்றிக்கு இரண்டு ரன்கள் தேவை. மேற்கிந்தியத் தீவுகளின் கோர்ட்னி வால்ஷ் பந்துவீச ஓடிவந்தபோது மறுமுனையிலிருந்த சலீம் ஜாஃபர் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தார். பெயிலைத் தட்டினால் ஆட்டம் முடிந்திருக்கும். விதியும் அதை அனுமதித்தது. வால்ஷ் நின்று, எச்சரித்துவிட்டு, திரும்பிச் சென்று மறுபடி வீசினார். அப்துல் காதிர் இரண்டு ரன்களை எடுத்தார். மேற்கிந்தியத் தீவுகள் அந்தத் தடவை அரையிறுதிக்குப் போகவில்லை.

1980 மும்பைப் பொன்விழா டெஸ்டில் இந்தியத் தலைவர் குண்டப்பா விஸ்வநாத், விக்கெட் கீப்பர் பிடித்ததாக அவுட் கொடுக்கப்பட்ட பாப் டெய்லரைத் திரும்ப அழைத்தார். ஸ்லிப்பில் நின்ற அவருக்குப் பந்து மட்டையில் படவில்லை என்று தெரிந்திருந்தது. இங்கிலாந்து ஐந்து விக்கெட்டுகளை இழந்து தடுமாறிக்கொண்டிருந்த நேரம். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன்கள் எடுத்தார்கள். போத்தம் சதமும் 13 விக்கெட்டுகளும் எடுக்க, இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. விஸ்வநாத் இந்தியாவுக்குத் தலைமை தாங்கியதே இரண்டு டெஸ்டுகளில்தான்.

இந்த இரு செயல்களையும் நான் உயர்வாகவே மதிக்கிறேன். ஆனாலும் நேர்மையாகக் கேட்டால், வால்ஷ் விட்டுக்கொடுத்தது வால்ஷுடையது மட்டுமா? வெயிலில் ஐம்பது ஓவர் நின்ற மற்ற பத்துப் பேரை அவர் கேட்கவில்லை, கேட்க நேரமும் இல்லை. எல்லைக்கோடு அவர்கள் குரோனியேயை மறுத்த அதே காரணம், பணத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால், இவர்களையும் தொடுகிறது.

எனக்குத் தோன்றும் வேறுபாடு ஒன்று உண்டு. விஸ்வநாத் திருத்தியது நடுவரின் பிழையை. வெளியே போக வேண்டியவரல்லாத ஒருவரைத் திரும்ப அழைப்பது அணியின் சொத்தைத் தானம் செய்வதாகாது, நமக்குச் சேராததைத் திருப்பிக் கொடுப்பதாகும். வால்ஷ் செய்தது அப்படியில்லை. அவர் கொடுத்தது கொடைதான். பந்து வீசப்படுவதற்கு முன்பே கோட்டைத் தாண்டுபவரை அவுட்டாக்குவதில் எந்தக் களங்கமும் இல்லை என்று இன்று பலரும் வாதிடுகிறார்கள், சட்டமும் 2022 முதல் அதைச் சாதாரண ரன் அவுட் பகுதிக்கு மாற்றிவிட்டது. நானும் அந்தப் பக்கம்தான். அப்படிப் பார்த்தால் வால்ஷ் எதிராளியின் தவறை மன்னித்திருக்கிறார்.

2008இல் ஓவல் மைதானத்தில் பந்துவீச்சாளரோடு மோதி விழுந்த கிராண்ட் எலியட்டை ரன் அவுட்டாக்கிவிட்டு, முறையீட்டைத் திரும்பப் பெற மறுத்த பால் காலிங்வுட்டை இங்கே யாராவது திட்டுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: முடிவெடுக்க அவருக்குக் கிடைத்தது சில நொடிகள், பிறகு அவரே வருந்தினார். 2011இல் டிரென்ட் பிரிட்ஜில் தேநீர் இடைவேளை முழுவதும் யோசித்து ரன் அவுட்டான இயன் பெல்லை திரும்ப அழைத்த தோனிக்கு அந்த அவகாசம் கிடைத்தது. நொடிகளில் எடுத்த முடிவையும் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து எடுத்த முடிவையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமல்ல.

ஏழாம் எண் எழுதியது:

அப்படியானால் லூயிஸ் சுவாரஸ்? 2010 கால்பந்து உலகக் கோப்பைக் காலிறுதியில், கானாவுக்கு எதிராக, கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில், கோலுக்குள் போய்க்கொண்டிருந்த பந்தைக் கையால் தடுத்தார். சிவப்பு அட்டை, பெனால்டி. அசமோவா கியான் பந்தைக் கம்பத்தில் அடித்தார், பிறகு உருகுவே வென்றது. ஆப்பிரிக்க அணி ஒன்று முதன்முதலாக அரையிறுதிக்குப் போகும் வாய்ப்பு அங்கே முடிந்தது. அவர் விதியை மீறினார். அதற்கு விதி எழுதிவைத்திருந்த தண்டனையை முழுதாகப் பெற்றார். நடுவரை ஏமாற்ற முயலவில்லை. 1986இல் மரடோனா கையால் கோல் போட்டுவிட்டு, தலையால் போட்டதுபோல் ஓடிக் கொண்டாடியதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் நாம் மரடோனாவைக் கொண்டாடுகிறோம், சுவாரஸைத் தூற்றுகிறோம். நான்கு நிமிடங்கள் கழித்து மரடோனா பாதி மைதானத்தைக் கடந்து போட்ட அந்த இரண்டாவது கோல் இல்லாவிட்டால் இந்த வேறுபாடு இருந்திருக்குமா?

வலையோரம் எழுதியது:

இருந்திருக்காது. ரசிகர்களின் நீதிமன்றத்தில் அழகு எப்போதும் சாட்சிக் கூண்டில் ஏறிவிடுகிறது. சுவாரஸைப் பொறுத்தவரை கையால் தடுத்ததை நானும் மன்னிப்பேன். எதிராளிகளைக் கடித்ததை மன்னிக்க மாட்டேன்.

கறுப்புக்காய் எழுதியது:

நீங்கள் எல்லோரும் ஓர் ஆட்டத்தின் ஒரு கணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ஒருவர் தம் ஆட்ட வாழ்க்கையை எப்படி முடிக்கிறார், அல்லது முடிக்க மறுக்கிறார் என்பதிலும் குணம் தெரியும் என்று நினைப்பவன் நான்.

முத்தையா முரளிதரன் 2010 ஜூலையில், 792 டெஸ்ட் விக்கெட்டுகளோடு இருக்கும்போது, காலேயில் நடக்கும் முதல் டெஸ்டோடு விலகுவதாக அறிவித்தார். தொடரில் இன்னும் இரண்டு டெஸ்டுகள் இருந்தன. 800 என்ற எண்ணை எட்ட எட்டு விக்கெட்டுகள் வேண்டும், ஒரே ஒரு டெஸ்ட்தான். எட்டாவது விக்கெட்டாகப் பிரக்யான் ஓஜா விழுந்தது இந்தியாவின் கடைசி விக்கெட்டாக அமைந்தது நம் அதிர்ஷ்டம். விழாமல் போயிருந்தால் 799 என்று புத்தகத்தில் நின்றிருக்கும், அதற்கும் அவர் ஆயத்தமாகவே இருந்தார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

இதற்கு எதிர்ப்பக்கமாகக் கபில் தேவைச் சொல்வார்கள். ரிச்சர்ட் ஹாட்லியின் 431 டெஸ்ட் விக்கெட்டுகளைத் தாண்டும்வரை, வேகம் குறைந்த நிலையிலும், 1994 வரை அவர் ஆடினார் என்றும், ஜவகல் ஸ்ரீநாத் வெளியே காத்திருந்தார் என்றும் குறை சொல்லப்பட்டது. அந்தக் குறையில் உண்மை உண்டு. ஆனால் உயிரற்ற ஆடுகளங்களில் பல ஆண்டுகள் ஏறக்குறையத் தனியாகவே வேகப்பந்து வீச்சைச் சுமந்து, 131 டெஸ்டுகள் ஆடி, காயத்துக்காக ஒரு டெஸ்டைக்கூடத் தவறவிடாத ஒருவர் கடைசியில் தமக்காக ஓராண்டு எடுத்துக்கொண்டதைச் சுயநலம் என்று எழுத என் கை வரவில்லை.

ஸ்டெஃபி கிராஃப் 1999இல் பிரெஞ்சு ஓப்பனை வென்று, விம்பிள்டன் இறுதிவரை சென்று, அதே ஆகஸ்டில் முப்பது வயதில் விலகிக்கொண்டார். யோர்ன் போர்க் இருபத்தாறில் விலகி, 1991இல் மர ராக்கெட்டோடு திரும்பி வந்து தோற்றார். இரண்டையும் வைத்து ஒருவரை நிதானமானவர், மற்றவரைக் குழம்பியவர் என்று சொல்லிவிடலாம். நான் சொல்ல மாட்டேன், வெறுமையோடு வீட்டில் இருப்பது எப்படியிருக்கும் என்பதை நாம் அறியோம்.

என் துறையான சதுரங்கத்திலிருந்து விஸ்வநாதன் ஆனந்த். 2013இல் சொந்த ஊரான சென்னையில், மக்னஸ் கார்ல்சனிடம் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் உலகப் பட்டத்தை இழந்தார். அடுத்த ஆண்டு, உலக சாம்பியனை எதிர்த்து ஆடுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் ஆடுவதா வேண்டாமா என்று தயங்கினார், நண்பர்கள் தூண்டிய பிறகே ஆடினார். ஓர் ஆட்டமும் தோற்காமல் அதை வென்று கார்ல்சனை மறுபடி சந்தித்து, மறுபடி தோற்றார். 2017இல் 48 வயதில் உலக ரேபிட் சாம்பியனானார். இதில் விட்டுக்கொடுத்தல் எங்கும் இல்லை, எல்லைக்கோடு அவர்களே. தோற்ற இடத்துக்கே திரும்பிப் போய் உட்காருவது மட்டுமே இருக்கிறது. உங்கள் அளவுகோலில் இதற்கு இடமில்லை என்பது அந்த அளவுகோலின் குறை. அதற்குப் பிறகு போட்டிகளைக் குறைத்துக்கொண்டு, தம்மைப் பின்னுக்குத் தள்ளப்போகும் இளையவர்களுக்கே வழிகாட்டினார். 2024இல் பதினெட்டு வயதில் உலகப் பட்டம் வென்ற குகேஷ் அவர்களில் ஒருவர்.

பின்சக்கரம் எழுதியது:

வீரர்களின் குணத்தைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறோம், ரசிகர்களின் குணத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மிதிவண்டிப் பந்தயத்தைப் பின்தொடர்பவன் என்ற முறையில் அதை நான்தான் எழுத வேண்டும் போலும்.

லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை டூர் டி பிரான்ஸை ஏழு முறை வென்றார். 2012இல் ஏழும் பறிக்கப்பட்டன. 2013 ஜனவரியில் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். ஊக்கமருந்து எடுத்தார் என்பது மட்டுமே கதையாக இருந்தால் அந்தக் காலத்தில் அவரோடு ஓட்டிய பலரில் அவரும் ஒருவர். அவரைத் தனியாக நிறுத்துவது, உண்மையைச் சொன்னவர்களிடம் அவர் நடந்துகொண்ட விதம். அணியில் மசாஜ் பணியாளராக இருந்து சாட்சி சொன்ன பெண்ணை இழிவாகப் பேசினார். தம்மைச் சந்தேகித்து எழுதிய செய்தித்தாள் மீது வழக்குத் தொடுத்துப் பணம் பெற்றார். மூன்று முறை டூர் வென்ற கிரெக் லெமாண்ட் 2001இல் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கும் ஒரு சர்ச்சைக்குரிய மருத்துவருக்கும் உள்ள தொடர்பைக் கேள்வி கேட்டபோது, மன்னிப்புக் கேட்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார். அவர் பெயரில் மிதிவண்டி தயாரித்துவந்த நிறுவனத்துடனான உறவும் பின்னர் முறிந்தது.

அப்போது லெமாண்டைப் பொறாமைக்காரர் என்று சொன்னது யார்? நாம்தான். புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவரின் கதை நமக்குத் தேவைப்பட்டது, அதைக் கெடுக்க வந்தவரைப் பிடிக்கவில்லை. செஞ்சுரியனில் நெகிழ்ந்தவர்களுக்கும் அப்படித்தான் நேர்ந்திருக்கும். ஒருவருடைய குணத்தை அவருடைய செயலைக் கொண்டு அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவரிடமிருந்து நாம் எதிர்பார்க்கும் கதையைக் கொண்டு அளந்துகொண்டிருக்கிறோம். லெமாண்டின் குணத்தை நாம் கவனிக்காததற்குக் காரணம், அதில் நமக்கு மகிழ்ச்சி தரும் எதுவும் இல்லாததுதான்.

எல்லைக்கோடு எழுதியது:

கறுப்புக்காய் சொன்ன குறையை ஏற்கிறேன். மீண்டும் போய் உட்காரும் துணிவு தனி வகை, என் அளவுகோல் அதை அளப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. பின்சக்கரம் எழுதியதற்கு எதிர்வாதம் இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: கதை தேவைப்படாத இடத்தில், கேமரா இல்லாத இடத்தில் நடப்பவற்றைக் கூடுதலாகத் தேடிப் பார்க்கலாம். 2018இல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா வென்றபோது, பயிற்சியாளர் ராகுல் டிராவிடுக்கு 50 லட்சம் ரூபாயும் துணைப் பணியாளர்களுக்கு ஆளுக்கு 20 லட்சமும் அறிவிக்கப்பட்டன. எல்லோரும் ஒரே அளவு உழைத்தோம் என்று அவர் வாரியத்திடம் முறையிட, அனைவருக்கும் 25 லட்சம் என்று மாற்றப்பட்டது. அவர் தொகை பாதியானது. இதில் வர்ணனையாளர் இல்லை, நேரலை இல்லை.

இன்னொன்று, பலர் என்னோடு சண்டைக்கு வரக்கூடிய ஒன்று. டோக்கியோ ஒலிம்பிக் உயரம் தாண்டுதலில் முத்தாஸ் பார்ஷிமும் ஜான்மார்கோ தாம்பேரியும் 2.37 மீட்டரில் சமமாக நின்று தங்கத்தைப் பகிர்ந்துகொண்டதை உலகமே கொண்டாடியது. எனக்கும் பிடித்தது, ஆனால் அங்கே இருவரும் எதையும் இழக்கவில்லை. 2024 பாரிஸில் நியூசிலாந்தின் ஹாமிஷ் கெர்ரும் அமெரிக்காவின் ஷெல்பி மெக்யூவனும் 2.36 மீட்டரில் அதே நிலையில் நின்றார்கள். பகிர்ந்துகொள்ள வழியிருந்தும் தொடர்ந்து தாண்டுவதைத் தேர்ந்தார்கள். கெர் 2.34 மீட்டரைத் தாண்டித் தங்கம் வென்றார், மெக்யூவன் வெள்ளியோடு போனார். உறுதியான தங்கத்தை விட்டுவிட்டார் என்று அவரை எள்ளி நகையாடியவர்கள் ஏராளம். என் பட்டியலில் பகிர்ந்துகொண்ட இருவருக்கும் மேலே மெக்யூவன் இருக்கிறார்.

ஓடுதளம் எழுதியது:

மெக்யூவனை மதிப்பதில் எனக்குத் தடையில்லை. அவர் விட்டுக்கொடுத்தார் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. வெல்வோம் என்று நம்பித்தான் தாண்டினார். போட்டியாளருக்கு அது இயல்பு, தியாகம் என்ற பெயர் அதற்குப் பொருந்தாது.

பார்ஷிமும் தாம்பேரியும் எதையும் இழக்கவில்லை என்கிறீர்கள். அதே பாரிஸில் தகுதிச் சுற்றின்போது, ஓடிவந்த பார்ஷிமின் கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொண்டு அவர் தரையில் விழுந்தார். மருத்துவர்கள் வருவதற்குள் ஓடிப்போய் அவர் காலைப் பிடித்து நீவிவிட்டவர் தாம்பேரி. அதே சுற்றில் அவரும் தகுதிக்காகப் போராடிக்கொண்டிருந்தார். இருவரும் இறுதிக்குப் போனார்கள். பார்ஷிமுக்கு வெண்கலம் கிடைத்தது. சிறுநீரகக் கல் வலியோடு தாண்டிய தாம்பேரி பதினோராம் இடத்தில் முடித்தார். இதில் தாம்பேரி விட்டுக்கொடுத்த ஆதாயம் என்று ஒன்றைக் காட்ட முடியாது, அவர் ஏற்ற இழப்பும் இல்லை. உங்கள் பட்டியலில் இதை எங்கே எழுதுவீர்கள்?